இரண்டு வயதுக் குழந்தையோடு முதல் ஹாலோவீன்: புதிதாக அமெரிக்கா வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாங்கள் நியூஜெர்சிக்கு வந்து சேர்ந்தது 2024 கோடையில். அந்த வருடம் தீபாவளியும் ஹாலோவீனும் (பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் நாள்) அக்டோபர் 31 என்று ஒரே நாளில் வந்தன. காலையில் மகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பட்டுப்பாவாடை கட்டி, சாமி கும்பிட்டு டேகேருக்குக் கூட்டிப்போனால், மற்ற குழந்தைகள் எல்லாம் தேனீயாகவும் டைனோசராகவும் நிற்கிறார்கள். வேஷம் பற்றிய அறிவிப்பு பத்து நாள் முன்பே டேகேர் செயலியில் வந்திருக்கிறது. நான் திறந்து பார்க்கவில்லை. மாலையில் அவசரமாக ஒரு பூசணிக்காய் உடுப்பை மாட்டி அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கூட்டிப்போனோம். மூன்றாவது வீட்டு வாசலில் ஓர் எலும்புக்கூடு. கிட்டே போனதும் கண் சிவப்பாக எரிந்து, கையை நீட்டிச் சிரித்தது. அன்று அழுதவள், அடுத்த இரண்டு வாரம் யார் அழைப்பு மணியை அடித்தாலும் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்போது அவளுக்கு இருபது மாதம்.

2025இல் மறுபடி முயன்றோம். அந்த முறை அவளே சிரித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு மாலைக்கும் நடுவில் தெரிந்துகொண்டதை, ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரை குழந்தை வைத்திருக்கும் புதியவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். இந்த வயதில் ஹாலோவீன் என்றால் நான்கைந்து கதவுகள், முக்கால் மணி நேரம். அதற்கு மேல் குழந்தைக்குத் தேவையில்லை. வேலையெல்லாம் பெரியவர்களுக்குத்தான், அதுவும் முன்னாலேயே.

1. அக்டோபர் முதல் வாரம்: டேகேர் காகிதங்கள்

டேகேர் அறிவிப்பு செயலியிலோ மின்னஞ்சலிலோ வரலாம், குழந்தையின் பையில் மடித்து வைத்த தாளாகவும் வரலாம். மூன்றையும் பாருங்கள். பத்தாம் தேதிக்குள் ஒன்றும் வரவில்லை என்றால் நேரில் கேட்டுவிடுங்கள். சில டேகேர்களில் ஹாலோவீன் கொண்டாடுவதே இல்லை, அறுவடை விழா என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். வேஷத்தோடு அனுப்பிவிட்டு, நம் குழந்தை மட்டும் தனியாக நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

எங்களுக்கு வந்த தாளில் இருந்தவை இவை: குழந்தைகளின் ஊர்வலம் எந்த நாள், எத்தனை மணிக்கு, முகமூடி கூடாது, வாள், துப்பாக்கி போன்ற பொம்மை ஆயுதம் கூடாது, டயப்பர் மாற்ற வசதியாக உடுப்பு இருக்க வேண்டும், மாற்று உடை ஒன்று தனியாக அனுப்ப வேண்டும். அதோடு படம் எடுக்கச் சம்மதப் படிவம். அதில் கையெழுத்து போடாததால் முதல் வருடம் வகுப்புக் குழுப்படத்தில் என் மகள் இல்லை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான். உங்களுக்குப் படம் வேண்டாம் என்றால் அது வேறு விஷயம், வேண்டும் என்றால் அந்தத் தாளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து போடுங்கள்.

குழந்தைக்கு நிலக்கடலை, முட்டை, பால், எள் என்று ஏதாவது ஒவ்வாமை இருந்தால், மருத்துவர் கையெழுத்திட்ட 'அலர்ஜி ஆக்‌ஷன் பிளான்' (ஒவ்வாமை வந்தால் என்ன செய்வது என்ற தாள்) டேகேரில் இருக்கிறதா, தேதி காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். விருந்து நாளில் வெளிச் சாப்பாடு உள்ளே வரும், அதனால்தான் இதை இப்போதே சொல்கிறேன். எங்கள் குழந்தை மருத்துவர் அலுவலகத்தில் ஒரு படிவத்தைக் கொடுத்துத் திரும்ப வாங்க எட்டு நாள் ஆனது. இரண்டு வாரம் இடம் விட்டுக் கொடுங்கள்.

வகுப்புக் குழந்தைகளுக்கு ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் முதலில் விதியைக் கேளுங்கள். வீட்டில் செய்த முறுக்கு, லட்டு எங்கள் டேகேரில் அனுமதி இல்லை. கடையில் வாங்கியதாக, உறை பிரிக்காததாக, உட்பொருள் பட்டியல் அச்சிட்டதாக இருக்க வேண்டும். தின்பண்டமே வேண்டாம் என்று விட்டுவிடுவது எல்லோருக்கும் நிம்மதி. பன்னிரண்டு குழந்தைகளுக்குக் கெட்டி அட்டைப் படப்புத்தகம் வாங்கினேன், பதினைந்து டாலர். தின்பண்டம் இல்லாத பரிசிலும் ஒரு பொறி உண்டு: பிளே-டோ என்ற விளையாட்டு மாவில் கோதுமை இருக்கிறது, கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஆகாது. பொம்மை கொடுப்பதாக இருந்தால், டாய்லெட் பேப்பர் சுருள் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் குழாய்க்குள் போட்டுப் பாருங்கள். உள்ளே விழுந்தால் அது மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாத அளவு.

2. எந்த நாள், எத்தனை மணி

ஹாலோவீன் அக்டோபர் 31. ஆனால் வீடு வீடாகப் போகும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். ஒஹாயோ, விஸ்கான்சின், பென்சில்வேனியா மாநிலங்களில் பல ஊர்கள் 'இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை' என்று அறிவித்துவிடுகின்றன. சில இடங்களில் நாளே வேறாக இருக்கும். அயோவாவின் தெ மாய்ன் நகரில் வெகுகாலம் 30ஆம் தேதி இரவுதான் வழக்கமாக இருந்தது. புயல் மழை வந்தால் தள்ளியும் வைப்பார்கள். 2012இல் சாண்டி புயலுக்குப் பிறகு நியூஜெர்சி ஆளுநர் உத்தரவு போட்டே நவம்பர் 5க்கு மாற்றினார். அதனால் அந்த வாரம் நகராட்சியின் இணையதளத்தை ஒரு தடவை பாருங்கள்.

சின்னக் குழந்தைக்கு நேரம்தான் எல்லாம். நியூஜெர்சியில் அன்று ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆறரைக்கு மேல் தெரு முழுக்கப் பெரிய பிள்ளைகள், பயங்கர முகமூடிகள், ஓட்டம். நாம் நாலரை, நாலே முக்காலுக்குக் கிளம்பி ஐந்தரைக்கு வீடு திரும்பிவிட வேண்டும். அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வேலை நாளில் ஹாலோவீன் வந்தால், நான்கு மணிக்கு டேகேர் வாசலில் நிற்க ஒருவராவது வேண்டும். அன்று மதியம் தூக்கம் கெட்டுப்போனால் மாலையை விட்டுவிடுங்கள். தூங்காத குழந்தையை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

தெருவில் போக மனமில்லை என்றால் வேறு வழிகளும் உண்டு. நூலகங்கள், நகராட்சிப் பொழுதுபோக்குத் துறை, தேவாலயங்கள் 'ட்ரங்க் ஆர் ட்ரீட்' நடத்துகின்றன. கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து அலங்கரித்து அங்கிருந்தே மிட்டாய் கொடுப்பார்கள். வண்டிகள் ஓடாத இடம், பகல் வெளிச்சம் என்பதால் கைக்குழந்தைகளுக்கு இது நல்லது. எங்கள் ஊரில் இலவசம்தான், ஆனால் முன்பதிவு வேண்டும், அந்த ஊர்க்காரர் என்ற ஆதாரம் கேட்டார்கள். வாடகை ஒப்பந்தமும் ஒரு மின்கட்டண ரசீதும் காட்டினோம். அதே இரண்டு காகிதத்தை வைத்து நூலக அட்டையும் வாங்கிவிட்டோம். இடங்கள் இரண்டே நாளில் நிரம்பின. அதனால் செப்டம்பர் கடைசியிலேயே பார்த்து வையுங்கள்.

3. வேஷம் வாங்குவது

முதல் வருடம் ஆன்லைனில் பஞ்சு திணித்த பூசணிக்காய் உடுப்பு வாங்கினேன். 34 டாலர், விரைவாக அனுப்ப 9 டாலர். பஞ்சு உடுப்போடு கார் சீட்டில் உட்கார வைத்தால் பெல்ட் உடம்போடு ஒட்டாது. இறுக்கிவிட்டோம் என்று நினைப்போம். விபத்தின்போது பஞ்சு நசுங்கி, பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். குளிர்காலத் தடிக் கோட்டுக்குச் சொல்லும் அதே விதிதான் இதற்கும். காரில் சாதாரண உடை, இறங்கியபின் வேஷம். இது எனக்கு வாசலில் வைத்து ஒரு பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் தெரியும்.

இன்னொன்று, வானிலை. அக்டோபர் கடைசி என்றால் மாலையில் பத்து டிகிரி செல்சியஸ் இருக்கும் என்று நினைத்துத் தடியாக வாங்கினேன். 2024 ஹாலோவீன் அன்று இங்கே கோடை போல வெயில் அடித்தது. அந்தப் பூசணிக்குள் குழந்தை வேர்த்து ஊற்றினாள். எது வந்தாலும் சமாளிக்க, மெல்லிய வேஷத்தை ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். குளிர்ந்தால் உள்ளே ஸ்வெட்டர் போடலாம், வெயில் என்றால் வெறும் பனியன் போதும். இங்கே குழந்தை உடை அளவுகள் 2டி, 3டி என்று போகும். இரண்டு வயதுக் குழந்தைக்கு 3டி எடுத்தால், கீழே தரையில் புரளாமல் மடித்துத் தைத்துவிடுங்கள். தடுக்கி விழுவது அன்று மாலை சாதாரணமாக நடக்கும் விபத்து.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: உடுப்பின் லேபிளில் தீ எளிதில் பற்றாத வகை என்று இருக்க வேண்டும், ஏனென்றால் வாசல்களில் மெழுகுவர்த்தி எரியும். முகமூடி வேண்டாம், பார்வையும் மூச்சும் தடைப்படும். தொப்பியும் இறக்கையும் கழற்றக்கூடியதாக இருக்கட்டும், பத்து நிமிடத்தில் அது உங்கள் கையில்தான் இருக்கும். முகத்தில் சாயம் பூசுவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, தடிக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் கண் மையால் மூக்கு நுனியில் ஒரு பொட்டும் கன்னத்தில் மூன்று மீசைக் கோடும் வைத்தோம், அதுவே பூனை ஆகிவிட்டது.

செலவு பற்றிச் சொல்கிறேன். இரண்டாம் வருடப் பூனை உடுப்பு பழைய துணிக்கடையில் 7 டாலருக்குக் கிடைத்தது. குட்வில் போன்ற கடைகளில் செப்டம்பர் நடுவிலேயே குழந்தை வேஷங்களைத் தனி ரேக்கில் தொங்கவிடுவார்கள். அக்டோபர் 20க்கு மேல் போனால் நல்லவை இருக்காது. ஊர் 'பை நத்திங்' குழுக்களில் (அக்கம்பக்கத்தார் வேண்டாத பொருளைக் கொடுத்து வாங்கும் இணையக் குழுக்கள்) இலவசமாகவே தருகிறார்கள். ஒரு தடவை போட்ட உடுப்பு, அடுத்த வருடம் யாருக்கும் பொருந்தாது. புதிதாக வாங்கினால் ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள், சில கடைகளில் ஹாலோவீன் பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கடைசித் தேதி 31க்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

4. வீட்டில் ஒத்திகை (இதைத் தவற விடாதீர்கள்)

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு முகமூடி போட்ட மனிதர் மனிதராகத் தெரிவதில்லை. அப்பாவே போட்டுக்கொண்டாலும் அப்பா காணாமல் போய் வேறு யாரோ வந்துவிட்டதாகத்தான் அதற்குத் தோன்றும். அது பிடிவாதமோ கோழைத்தனமோ இல்லை, அந்த வயது அப்படி. அதனால் அக்டோபர் முழுக்க, தினம் ஐந்து நிமிடம் விளையாட்டாகப் பழக்கினோம்.

முதல் வாரம் பழைய காகிதத் தட்டில் இரண்டு ஓட்டை போட்டுப் பூனை முகம் வரைந்தோம். அவள் கண் முன்னாலேயே என் கணவர் அதை முகத்தில் வைப்பார், எடுப்பார், வைப்பார், எடுப்பார். நான்காம் நாள் அவளே தட்டைப் பிடுங்கித் தன் முகத்தில் வைத்துக்கொண்டு "பாப்பா எங்க?" என்றாள். அங்கிருந்து பயம் பாதி போய்விட்டது. இரண்டாம் வாரம் வேஷத்தைச் சோபாவில் போட்டு வைத்தோம், போடச் சொல்லவில்லை. தடவிப் பார்த்தாள், வாலைப் பிடித்து இழுத்தாள். ஒரு நாள் தானாகவே காலை நுழைத்தாள். மூன்றாம் வாரம் படுக்கையறைக் கதவுக்கு வெளியே அவளும் நானும், உள்ளே என் அம்மா. கதவைத் தட்டுவாள், பாட்டி திறந்து கிண்ணத்தை நீட்டுவார், உள்ளே உலர்ந்த அத்திப்பழத் துண்டு. மிட்டாய் கேட்கும்போது சொல்ல வேண்டிய "ட்ரிக் ஆர் ட்ரீட்" அவள் வாயில் "டிக்கட்டீ" ஆனது. அது போதும், இங்கே யாரும் உச்சரிப்பைப் பார்ப்பதில்லை. சொல்லாமல் வாளியை மட்டும் நீட்டினாலும் கொடுப்பார்கள்.

கடைசி வாரம், பகல் நேரத்தில் தெருவில் நடங்கள். எந்த வீட்டு வாசலில் என்ன நிற்கிறது என்று நீங்கள் பார்த்து வையுங்கள். புகை விடும் இயந்திரம், ஆள் வந்தால் அலறும் பொம்மை, கல்லறைக் கற்கள் உள்ள வீடுகளை வழியிலிருந்து நீக்கிவிடுங்கள். எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டில் ஐந்துதான் தேறியது. அந்த ஐந்து வீட்டுக்காரர்களிடமும் போகிற வருகிறபோது ஒரு வணக்கம் சொல்லி, குழந்தையைக் காட்டி வைத்தோம். அன்று கதவு திறக்கும்போது தெரிந்த முகம் இருக்க வேண்டும் என்பதற்காக.

5. வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால்

அவர்களுக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முதல் வருடம் என் அம்மாவுக்கு உண்மையாகவே மனசு கஷ்டப்பட்டது. "ஏன்டி, விளக்கு வைக்கிற நேரத்துல பச்சப்புள்ளைய பேய் பிசாசு பொம்மைக்கு நடுவுல தூக்கிட்டுப் போவியா?" என்று கேட்டார். ஊரில் அந்த நேரத்தில் கைக்குழந்தையை வாசலுக்குக்கூடக் கொண்டுவர விடமாட்டார்கள். அவர் கேட்டதில் தப்பே இல்லை. இரண்டாம் வருடம், பேய் இல்லை, பூனை வேஷம். இருட்டும் முன் திரும்பிவிடுவோம். வந்ததும் நீங்களே சுற்றிப் போடுங்கள் என்று சொன்னேன். திரும்பியதும் கல் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டார். (மிளகாயை அடுப்பில் காட்டினால் இந்த ஊர் வீடுகளில் புகை அலாரம் அடிக்கும். உப்பைத் தண்ணீரில் கரைத்து விடுவது போதும்.)

வாசலில் மிட்டாய் கொடுக்கும் வேலையை அவரிடமே ஒப்படைத்தோம். ஆங்கிலம் தேவைப்படவில்லை. "ஹாப்பி ஹாலோவீன்" என்ற இரண்டு சொல் போதும். பிள்ளைகள் இரண்டு கை நிறைய அள்ளப் பார்த்தால் ஒரு விரலைக் காட்டுவார். அன்று இரவு ஒவ்வொரு வேஷத்தையும் ஊருக்குப் போனில் விவரித்துக்கொண்டிருந்தார்.

6. உங்கள் வாசலுக்கு என்ன வேண்டும்

வாசல் விளக்கு எரிந்தால் 'வரலாம்', அணைந்திருந்தால் 'வேண்டாம்' என்று அர்த்தம். இது தெரியாமல் முதல் வருடம் தீபாவளி விளக்குகள் பளபளக்க, கையில் ஒரு மிட்டாய்கூட இல்லாமல் நின்றோம். வந்த பிள்ளைகளுக்கு அம்மா ரவா லட்டு கொடுக்கப் போனார். அவர்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள், ஆனால் உறை இல்லாத பண்டத்தை வீட்டில் அவர்கள் பெற்றோர் தூக்கிப் போட்டிருப்பார்கள். உறையிட்டது மட்டுமே கொடுங்கள்.

எத்தனை வாங்குவது? பக்கத்து வீட்டில் போன வருடம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேளுங்கள். வேறு எந்தக் கணக்கும் உதவாது. தனி வீடுகள் நெருக்கமாக உள்ள எங்கள் தெருவில் ஐம்பதுக்கு மேல் வந்தார்கள். அபார்ட்மென்ட்டில் இருக்கும் தோழி வீட்டுக்கு ஆறு பேர். சில அபார்ட்மென்ட்களில் கதவில் ஒட்ட ஒரு பூசணிப் படத்தை அலுவலகம் கொடுக்கும், ஒட்டிய கதவை மட்டும் தட்டுவார்கள். 150 துண்டு உள்ள கலவைப் பை எங்களுக்கு 24 டாலர் ஆனது.

வாசலில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பூசணிக்காய் வைத்திருந்தால், அந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பொருளும் கிடைக்கும் என்று அடையாளம். ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு இதைப் பரப்பியது. சின்னக் குழந்தைக்கு அந்த வீடுகள்தான் முதலில் போக வேண்டியவை.

பூசணிக்காய்க்கு வருகிறேன். செதுக்குவது மூன்று நாளுக்கு முன் வேண்டாம், செதுக்கியது சீக்கிரம் அழுகிவிடும், அணில் கடிக்கும். முழுதாக விட்டால் வாரக்கணக்கில் நிற்கும். குழந்தை கையில் கத்தி இல்லாத வேலை கொடுங்கள்: தண்ணீரில் கழுவினால் போகும் மார்க்கர், பெரிய ஸ்டிக்கர். பண்ணைக்குப் போய்ப் பறிப்பது அழகான அனுபவம். ஆனால் வார இறுதியில் எங்களுக்கு ஆளுக்கு 18 டாலர் நுழைவுக் கட்டணம், காய்க்குத் தனி விலை. குழந்தைக்கு இரண்டு வயது வரை இலவசம் என்று இருந்தது. மளிகைக் கடையில் அதே காய் 6 டாலர். சமைக்க நினைத்தால் சின்னதாக 'பை பம்ப்கின்' என்று விற்பதை வாங்குங்கள், கூட்டுக்கும் சாம்பாருக்கும் நம் பரங்கிக்காய் மாதிரியே இருக்கும். செதுக்கும் பெரிய காய் நீர்த்து, நாராக இருக்கும். உள்ளே வைக்கும் பேட்டரி மெழுகுவர்த்தியில் பொத்தான் பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கினால் தொண்டைக்குழாய் இரண்டு மணி நேரத்துக்குள் வெந்துபோகலாம். மூடி திருகாணியால் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கியது என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இரண்டு சின்ன விஷயங்கள். அக்டோபரில் ஒரு நாள் உங்கள் வாசலில் யாரோ ஒரு மிட்டாய்ப் பையும் 'பூ' (Boo, பேய் பயமுறுத்தும் சத்தம்) என்று எழுதிய தாளும் வைத்துவிட்டுப் போகலாம். பயப்பட வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர்களின் அன்பு அது. தாளைக் கதவில் ஒட்டிவிட்டு, இரண்டு பை செய்து வேறு இரண்டு வீட்டில் வைக்க வேண்டும். 30ஆம் தேதி இரவை நியூஜெர்சியில் 'மிஸ்சிஃப் நைட்' என்பார்கள், விடலைப் பிள்ளைகள் முட்டை எறியும் இரவு. பூசணிக்காயை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

7. அன்று மாலை

நாலு மணிக்கு வயிறு நிறையச் சாதம் கொடுத்துவிடுங்கள். தயிர் சாதம் உத்தமம், பசி இருந்தால் ஒவ்வொரு மிட்டாய்க்கும் அழுகை வரும். டயப்பர் மாற்றி, பழகிய செருப்பு போட்டு, அப்புறம் வேஷம். ஸ்ட்ரோலரை எடுத்துக்கொள்ளுங்கள், உட்காராது என்று தோன்றினாலும். அதன் பின்பக்கமும் குழந்தை முதுகிலும் ஒளியைத் திருப்பும் டேப் ஒட்டுங்கள். ஒரு சுருள் 5 டாலர். டார்ச், தண்ணீர், ஈரத் துடைப்பான், காப்பீட்டு அட்டையின் படம் உங்கள் போனில். குழந்தை ஆபத்தான எதையாவது விழுங்கினால் அழைக்க வேண்டிய பாய்சன் கண்ட்ரோல் எண் 1-800-222-1222ஐ இப்போதே சேமித்து வையுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், இலவசம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். மூச்சுத் திணறல் என்றால் அவசர உதவி எண் 911.

2025இல் நாங்கள் நான்கு வீட்டுக்குத்தான் போனோம். ஐந்தாவது வீட்டை நாங்களே விட்டுவிட்டோம், அவள் கண் சொக்க ஆரம்பித்தது. முதல் வீட்டில் என் முட்டிக்குப் பின்னால் ஒளிந்தாள். இரண்டாவது வீட்டில் வாளியை நீட்டினாள். மூன்றாவது வீட்டுத் தாத்தா குனிந்து ஒரு சாக்லேட்டைப் போட்டார். அவள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். முந்தின வீட்டில் கிடைத்த மஞ்சள் உறை மிட்டாயை எடுத்து, யோசித்து, அவர் கிண்ணத்தில் போட்டாள். அவர் கையைக் கூப்பினார். இந்த வயதுக் குழந்தைகள் வாங்குவதைவிடக் கொடுப்பதில்தான் ஆசைப்படுகிறார்கள். அதைத் தடுக்காதீர்கள்.

குழந்தை "வேண்டாம்" என்றால் அந்த நிமிடமே திரும்புங்கள். "ஒரே ஒரு வீடு, படம் எடுத்துட்டுப் போயிடலாம்" என்று நான் முதல் வருடம் சொன்னேன். அந்த ஒரே ஒரு வீடுதான் எலும்புக்கூட்டு வீடு.

8. மிட்டாய்ப் பையைப் பிரிப்பது

குழந்தை தூங்கியபின் மேசையில் கொட்டிப் பிரியுங்கள். நான்கு வயது வரை கெட்டியான மிட்டாய், சூயிங் கம், பாப்கார்ன், முழுக் கொட்டை எதுவும் கூடாது, மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இதையேதான் சொல்கிறது. இரண்டு வயதுக்குள் சர்க்கரை சேர்த்த பண்டமே வேண்டாம் என்பதும் அவர்கள் அறிவுரை. உறை கிழிந்தது, வீட்டில் செய்தது, பெயர் தெரியாத பிராண்டு எல்லாம் குப்பைக்கு.

நிலக்கடலை ஒவ்வாமை உள்ள வீடுகளில் ரீசஸ், ஸ்னிக்கர்ஸ், பட்டர்ஃபிங்கர் மூன்றையும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். இங்கே ஒரு பொறி: குட்டி உறைகளில் உட்பொருள் பட்டியல் பல சமயம் இருக்காது, பெரிய பையின் வெளியில்தான் இருக்கும். பெரிய சாக்லேட்டில் இல்லாத பொருள் குட்டியில் இருப்பதும் உண்டு. படிக்க முடியாததைக் கொடுக்காதீர்கள். எள் 2023 ஜனவரி 1 முதல் லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருளாகிவிட்டது, அதனால் இப்போது அதைத் தேட முடியும்.

சைவக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஜெலட்டின். விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. கம்மி கரடி, மார்ஷ்மெல்லோ, கேண்டி கார்ன், இங்கே விற்கும் ஸ்டார்பர்ஸ்ட் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஸ்கிட்டில்ஸில் இல்லை. என் மாமியார் மார்ஷ்மெல்லோவை வெறும் சர்க்கரைப் பஞ்சு என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு, தெரிந்தபின் அன்று முழுவதும் வேறு ஒன்றும் சாப்பிடவில்லை. யாருக்கும் அப்படி நேர வேண்டாம்.

பிரித்தபின் எங்கள் மகளுக்கு மிஞ்சியது ஒரு ஸ்டிக்கர் தாளும், மெல்லிய சாக்லேட் ஒன்றும். அந்தச் சாக்லேட்டில் கால்வாசியை மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தோம். மிச்ச மிட்டாயை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். சில பல் மருத்துவமனைகளில் அதை வாங்கிக்கொண்டு ஒரு சின்னப் பரிசும் கொடுக்கிறார்கள்.

9. நவம்பர் முதல் வாரம்

1ஆம் தேதி காலையில் கடைகளில் வேஷங்கள் பாதி விலைக்கு வந்துவிடும். வாங்குவதானால் அடுத்த வருட அளவில், இரண்டு எண் பெரிதாக எடுங்கள். உங்கள் குழந்தைக்குச் சின்னதாகிவிட்டதைத் துவைத்து, பையில் அளவை எழுதி, 'பை நத்திங்' குழுவில் போட்டுவிடுங்கள். வாசல் பூசணிக்காயில் மார்க்கர், மெழுகு இல்லாவிட்டால் உரக்குழியில் போடலாம்.

2026இல் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹாலோவீன் சனிக்கிழமை வருகிறது. அன்று இரவு விடியும் முன், நவம்பர் 1 அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். ஆறு மணிக்கு எழும் குழந்தை கடிகாரப்படி ஐந்து மணிக்கே எழுந்து உட்காரும். அந்த வாரம் முழுக்கத் தினம் பத்துப் பதினைந்து நிமிடம் தாமதமாகத் தூங்க வையுங்கள். அதற்கு அடுத்த ஞாயிறு, நவம்பர் 8, தீபாவளி. எண்ணெய்க் குளியலுக்கு அதிகாலையில் எழுப்ப வேண்டியிருக்கும், அதற்குள் தூக்கம் பழைய நிலைக்கு வந்துவிட்டால் நல்லது.